இருபத்திரண்டு டிஸ்க் அம்மா

ஜனவரி 12

கொசு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, கேட்காமலே ஒட்டி அனுப்பிவிடுவேன்.

இன்று மத்தியானம் மருந்துக் கடையில் நல்ல கூட்டம். ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே சலூனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உன் மாதிரி ஆட்கள் போடுகிற பாட்டு. சரியாக மூடாத குழாய் சொட்டுகிற மாதிரி டிங் டிங் என்று ஒரு சத்தம், அதன் மேலே ஒரு பெண் பாதித் தூக்கத்தில் பாடுகிறாள். நான் கண்டுகொள்ளவில்லை. திடீரென்று அதில் அம்மா பேசினாள்.

"தி-தி-தி-திறந்துதான் இருக்கு."

வாசல் மணி அடித்தால் சமையலறையில் இருந்தபடியே அம்மா சொல்வாளே, அதே வார்த்தை, அதே இழுவை. எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. "என்னம்மா, உனக்கே மாத்திரை வேணும் போலிருக்கே" என்றார் பெரியவர். மாத்திரையைக் கொட்டி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அம்மாவின் தொண்டை ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீ அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியது நினைவிருக்கிறதா? சாம்ப்ளர் என்றாய். எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கட்டையை அழுத்தினால் திருப்பிச் சொல்லும் என்றாய். உள் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாய். எண்கள், கிழமைகள், வேணும், வேண்டாம், வலிக்குது, என்னைக் கூப்பிடுவது, உன்னைக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் அவளைப் பேச வைத்தாய். தொண்டை அப்போதே பாதி அடைத்திருந்தது. இருபத்தேழு வருஷம் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று சொன்னவள், உனக்காக ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை சொன்னாள். "கூடவே ஒரு கேசட்டிலயும் பிடிச்சு வையேன்டா" என்று நான் கேட்டதற்கு, "கேசட்ல இரைச்சல் வரும்க்கா, உனக்குத் தெரியாது" என்றாய். மொத்தம் இருபத்திரண்டு ஃபிளாப்பி டிஸ்க். "மூணே மாசம்மா, ஒரு கீபோர்டு செஞ்சு கொண்டு வரேன், கட்டையைத் தட்டினா நீ பேசுவ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. அம்மா இப்போது சிலேட்டில் பேசுகிறாள். நோட்டு வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். "பேசினது போயிடணும், இப்படிச் சேர்ந்துகிட்டே இருக்கக் கூடாது" என்று எழுதினாள். நான் வேறு அறையில் இருந்தால் கூப்பிடுவதற்குக் கைதட்டுகிறாள்.

அந்தப் பாட்டில் இருப்பது அம்மாதானா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுது. அந்தக் கீபோர்டு எங்கே என்பதற்கு இன்னொரு வரி.

நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 23

அன்பு அக்காவுக்கு,

ஆம். அம்மாதான்.

நானே எழுதிச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். பாட்டு இவ்வளவு சீக்கிரம் உங்கள் ஊர் சலூன் வரைக்கும் வரும் என்று யார் கண்டார்கள்? எங்கள் குழுவுக்கு 'ஸ்டெபிலைசர்' என்று பெயர் வைத்தபோது, "ஃபிரிட்ஜுக்கா?" என்று அம்மா கேட்டாளே. அந்த ஸ்டெபிலைசர் இப்போது ரேடியோவின் பாட்டுப் பட்டியலில் ஆறாவது இடத்தில் இருக்கிறது. ஒரே பாட்டுக்காக ஒரு தட்டு, அதற்கு சிங்கிள் என்று பெயர். பாட்டின் பெயரே 'திறந்துதான் இருக்கு'.

திட்டம் போட்டுச் செய்ததில்லை அக்கா. நான் மெட்டுப் போடுவேன், ஜிப் பாடுவாள். உடம்பு முழுக்க ஜிப் வைத்த ஒரு ஜாக்கெட்டைக் கழற்றவே மாட்டாள், அதனால் அந்தப் பெயர். மூன்று வாரமாகப் பல்லவி உட்காரவில்லை. ஒரு நாள் அவள் தவறுதலாக அம்மாவின் ஏழாம் டிஸ்க்கைப் போட்டுக் கட்டையை அழுத்திவிட்டாள். அம்மா பேசினாள். நான் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டேன், நிஜமாகவே. ஜிப்புக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பாட்டை வெளியிடுகிற கம்பெனிக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "இதுதாம்ப்பா பாட்டு, மத்ததெல்லாம் தூக்கிப் போடு" என்றார்.

இதை நான் அம்மாவுக்குச் செய்கிற மரியாதையாகத்தான் நினைக்கிறேன். வீடியோவும் எடுத்துவிட்டோம். ஒரு பழைய பஸ் பணிமனையில் ஒரே நாளில் எடுத்தது. காலி பஸ்களுக்கு நடுவில் ஜிப் நடக்கிறாள், நான் ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் கீபோர்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் குரல் வரும்போதெல்லாம் ஒரு பஸ்ஸின் கதவு தானாகத் திறக்கும். வெளியிலிருந்து கயிறு கட்டி இழுத்தோம், அதைச் சொல்லிவிடாதே.

பார்ப்பதற்கு ஒரு பெரிய டிவி லாரியில் அனுப்பியிருக்கிறேன். டிஸ்க்குகள் ஸ்டூடியோ அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இந்த அலை ஓய்ந்ததும் கீபோர்டு வேலையில் உட்கார்ந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்.

உன் கொசு


பிப்ரவரி 11

கொசு,

டிவி வந்தது. கதவு வழியாக நுழையவில்லை, ஒரு பக்கக் கதவைக் கழற்றினோம்.

வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியில் உன் வீடியோ வந்தது. அம்மாவிடம் நான் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் உன் முகத்தைப் பார்த்துக் கைதட்டினாள். அப்புறம் பஸ்களைப் பார்த்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கதவு திறந்து அவள் குரல் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் ஏதோ பேசிவிட்டேன் என்று நினைத்த மாதிரி இருந்தது. அப்புறம், ஆபரேஷன் செய்த கழுத்தை மூடியிருக்கிற துணி மேல் கையை வைத்துக்கொண்டாள். பாட்டு முடிகிற வரை எடுக்கவில்லை.

முடிந்ததும் சிலேட்டை எடுத்தாள். அழப்போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். "பின்னால நிக்கிற பஸ்ஸுக்கு வழித்தடப் பலகை தலைகீழா மாட்டியிருக்கு" என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதினாள்.

ஆக, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது. இருபத்தேழு வருஷம் ஒரு சொல் தடுக்காமல் பேசியவள்டா. அவளைத் தி-தி-தி என்று திக்க வைத்துவிட்டாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று, "அக்கா, தி-தி-திறந்துதான் இருக்கா?" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

ஒன்று செய். கீபோர்டு மெதுவாக வரட்டும். ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டேன், டிஸ்க் வந்தால் எப்படியாவது கேசட்டில் மாற்றித் தருகிறேன் என்கிறார். எல்லாம்கூட வேண்டாம். என்னைக் கூப்பிட்டது எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அதை மட்டும் அனுப்பு. அம்மா 'பாப்பா' என்று கூப்பிட்டு நான் கேட்டு ஒன்பது மாதம் ஆகிறது. நாற்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா என்று கேட்பாய். தேவையாகத்தான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 2

அக்கா,

நிற்க நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். பாட்டு மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. பஸ் வீடியோ ரொம்ப இருட்டாக இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். புதிதாக ஒன்று எடுக்கிறார்கள். இதில் எனக்கு அதிக வேலையில்லை, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன்.

டிஸ்க் விஷயம். அது சாம்ப்ளரில் மட்டும்தான் ஓடும், ரிப்பேர் கடையில் எல்லாம் முடியாது. அனுப்பினால் வழியில் கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது. நானே பார்த்துச் செய்கிறேன்.

இத்துடன் ஒரு போட்டோ. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அம்மா சிரிப்பாள்.

கொசு


மார்ச் 22

தம்பிக்கு,

புது வீடியோ பார்த்தோம்.

அந்த அம்மாள் யார்? அழகாக இருக்கிறாள். வெள்ளி மாதிரி முடி, சுருக்கமே இல்லாத கழுத்து. நம் வீடு முழுவதையும் உள்ளே வைக்கிற அளவுக்கு ஒரு சமையலறை. மணி அடிக்கிறது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் காமிராவைப் பார்த்துச் சிரித்து வாயைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து நம் அம்மா வருகிறாள்.

உனக்கு அங்கே நிற்கும்போது எதுவும் தோன்றவில்லையா? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய்?

அடுத்த வீட்டுக்காரி வந்து, "உங்கம்மா டிவில எவ்வளவு அம்சமா இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்ததா?" என்று அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி. அந்தப் பாட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை போடுகிறார்கள். முதல் நாள் அம்மா சும்மா பார்த்தாள். இரண்டாம் நாள் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். அந்த அம்மாள் வாயைத் திறக்கும்போது இவளும் திறந்தாள். முதலில் பிந்தியது. அந்தத் தி-தி-தியில் உதடு மாட்டிக்கொண்டது. அடுத்த தடவை போடும்வரை காத்திருந்து மறுபடி செய்தாள். மூன்றாம் நாள் சரியாக விழுந்துவிட்டது. பின்னால் நின்று கேட்டால் அம்மாதான் பேசுகிறாள் என்று சத்தியம் செய்யலாம். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, 'எப்படி?' என்று புருவத்தைத் தூக்கினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன் போட்டோவை அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் போய்ப் பால் எடுக்கப் பிடிக்கவில்லை.

டிஸ்க் வரட்டும். வராமல் உன்னிடமிருந்து கடிதம் மட்டும் வந்தால் பிரிக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

டிஸ்க் இல்லை.

அலமாரியில் இருக்கின்றன, இருபத்திரண்டும் இருக்கின்றன. அம்மா அவற்றில் இல்லை.

உனக்குத் தெரியும், நான் எதையும் பென்சிலில்தான் எழுதுவேன். அம்மாவிடம் கற்றது. அவள் பஸ் நிலையத்து நோட்டில் எல்லா நேரத்தையும் பென்சிலில்தான் குறிப்பாள். "நேரம் மாறும்டா, பேனால எழுதினா தாள் வீணாயிடும்" என்பாள். டிஸ்க் மேலே ஒட்டிய சீட்டிலும் பென்சிலில்தான் எழுதினேன். அம்மா 1, அம்மா 2, அம்மா 3. பாட்டை முடிக்க ஆறு நாள் கெடு. சாம்ப்ளரில் சத்தங்கள் ஏறிக்கொண்டே போகின்றன, டிஸ்க் தீர்ந்துவிட்டது, கடை திங்கட்கிழமைதான் திறக்கும். ஒரே ஒரு டிஸ்க்தானே என்று ஆரம்பித்தேன். நாலாம் டிஸ்க்கை எடுத்தேன். அம்மா என்னைக் கூப்பிட்டது அதில்தான் இருந்தது. அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாதா, அது இல்லாமல் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் குரல் மேலேயே பாட்டின் அடிச்சத்தத்தைப் பதிந்தேன், சீட்டை ரப்பரால் அழித்து, 'பேஸ் 2' என்று எழுதினேன். அடுத்தது சுலபமாக இருந்தது. ரப்பர் துகளைக் கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஜிப்புக்குத் தெரியாது, கம்பெனிக்காரருக்குத் தெரியாது. மூன்றாம் டிஸ்க்கில் நீ இருந்தாய். பாப்பா, பாப்பா, பாப்பா என்று மூன்று விதமாக. இப்போது அதில் கைதட்டல் இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் வருமே, அந்தக் கைதட்டல்.

மிஞ்சியது மூன்று. ஏழாம் டிஸ்க்கில் 'திறந்துதான் இருக்கு'. பதினைந்தில் எண்கள் எல்லாம் போய் 'ஏழு' மட்டும் ஒரு மூலையில் தப்பித்திருக்கிறது. கடைசி டிஸ்க்கில், நான் நிறுத்த மறந்த இடத்தில், களைத்துப்போய் அம்மா என்னைக் கேட்கிறாள், "போதுமாடா?"

அதை ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாம் தடவை அழுத்தக் கை வரவில்லை.

வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று நீ கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்தது உன் பெருந்தன்மை. வந்தால் அம்மா சிலேட்டை எடுத்து, "கீபோர்டு எங்கே?" என்று எழுதுவாள். அதற்குப் பயந்துதான் இத்தனை மாதமாக வேலை, வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமையலறை செட்டில் நான் எந்தப் பக்கம் பார்த்தேன் என்று கேட்டாயே. தரையைப் பார்த்தேன்.

நான் செய்தது திருட்டு அக்கா. திருடியதைத் தொலைக்கவும் செய்தேன். மன்னிப்புக் கேட்கிற யோக்கியதைகூட இல்லை என்பதால் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

கொசு


ஏப்ரல் 20

கொசு,

நான் பிரிக்கவில்லை. அம்மா பிரித்தாள்.

என் பெயருக்கு வந்தால் என்ன, அவள் பெயருக்கு வந்தால் என்ன, இந்த வீட்டுத் தபாலை எப்போதும் அவள்தானே உடைப்பாள். அம்மா பகல் முழுக்க வீட்டில் இருக்கிறாள், தபால்காரர் பதினொரு மணிக்கு வருகிறார் என்பது உனக்கும் தெரியும். எனக்கு எழுதினாயா, அவளுக்கு எழுதினாயா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பதில் வேண்டாம்.

நான் வேலை முடிந்து வந்தபோது கடிதம் மேசை மேல் மடித்து வைத்திருந்தது. அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் படித்து முடிக்கிற வரை நிமிரவே இல்லை. நான் கத்தினேன். உன்னிடம் கத்த முடியாததற்கு அவளிடம் கத்தினேன். "எப்படிம்மா பேசாம உக்காந்திருக்க?" என்று கேட்டேன், அவளைப் பார்த்து அந்த வார்த்தையைக் கேட்டேன். அவள் சிலேட்டை எடுத்து எழுதினாள்: "இருபத்திரண்டில் மூணு தேறியிருக்கு. எங்க பஸ் ஸ்டாண்ட் மைக்கில் சொன்னா ஜனங்க காதுல அதுகூடத் தேறாது."

 பிறகு அதை அழித்துவிட்டு, "அந்த மூணை அனுப்பச் சொல்" என்று எழுதினாள். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன்னை இன்னும் நாலு பக்கம் திட்ட எனக்குத் தெம்பு இருக்கிறது. உரிமை இருக்கிறதா என்று கேட்டால், அங்கேதான் தடுக்கிறது. நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய், என்னுடையதையும் கேட்டுக்கொள்.

போன வருஷம் அம்மாவின் குரல் கரகரத்தபோது முதலில் கவனித்தது நான். "மைக் முன்னாடி கத்தற தொண்டை, அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். கடையிலிருந்து சப்புகிற மாத்திரை கொண்டு வந்து கொடுத்தேன். ஆரஞ்சு ருசி. தீர்ந்தால் அடுத்த பட்டை. நாலு மாதம் கொடுத்தேன் கொசு. பதினெட்டு வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். மூன்று வாரம் கரகரப்பு நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்று முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் சொல்லுகிறேன், வீட்டில் சொல்லவில்லை. "இன்னும் முன்னாடியே வந்திருந்தா குரல்வளையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உன் மேல் கோபம் வந்தபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

அந்த மாத்திரைப் பட்டையை இன்றைக்கும் நான் விற்கிறேன். கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தானே வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் எழுதாதே. மூன்றையும் அனுப்பு.

அக்கா


மே 28

அக்கா,

ஆறுதல் எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தை ஜாக்கெட் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இத்துடன் வருவது ஒரு பெட்டி. செருப்புப் பெட்டி அளவு, மேலே மூன்று பொத்தான். சாம்ப்ளரின் வயிற்றைக் கிழித்து, வேண்டிய பாகத்தை மட்டும் எடுத்து நானே சாலிடர் செய்தேன். விரலில் இரண்டு இடத்தில் கொப்புளம். பச்சை அழுத்தினால் 'திறந்துதான் இருக்கு'. மஞ்சளில் 'ஏழு'. சிவப்பில் 'போதுமாடா'. திக்கல் இல்லை, டிங் டிங் இல்லை. அம்மா எப்படிச் சொன்னாளோ அப்படியே இருக்கிறது. பிளக்கைச் சொருகியதும் ஒரு நிமிஷம் விட்டுத்தான் அழுத்த வேண்டும்.

சாம்ப்ளரை உடைத்துவிட்டதால் அந்தப் பாட்டை இனி மேடையில் வாசிக்க முடியாது. ஜிப் நாலு நாள் பேசவில்லை. அப்புறம் தானே வந்து ஸ்க்ரூ டிரைவர் பிடித்தாள்.

கம்பெனியில் இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். நான் பெட்டியைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்பதையும், அம்மா முதல் தடவையாகப் பொத்தானை அழுத்துவதையும் படம் பிடித்தால் ஊரே அழும் என்றார் கம்பெனிக்காரர். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பாட்டுச் சம்பந்தமாக நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நான் நேரில் வந்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார்கள். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கொசு


ஜூன் 19

அன்புள்ள கொசு,

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு சரியாக ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். சிவப்பைத்தான் முதலில் அழுத்தினாள். "போதுமாடா?" கேட்டுவிட்டுப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வெகுநேரம் யாரையும் தொட விடவில்லை. 

மூன்று வார்த்தையில் ஒருத்தி எவ்வளவு பேச முடியும் என்று நீ வந்து பார்க்க வேண்டும். டிவி சத்தம் அதிகமானால், "போதுமாடா?" நான் தட்டில் இன்னொரு கரண்டி போட்டால், "போதுமாடா?" எனக்கு எதற்கு 'டா' போடுகிறாய் என்றால் சிரிக்கிறாள். டாக்டர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரிடமும் அதையே கேட்டாள். பெட்டியைப் பையில் போட்டு எடுத்துவந்து, முன்னாலேயே அங்கே பிளக்கைச் சொருகி வைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. 'ஏழு' என்பது இப்போது இந்த வீட்டில் கெட்ட வார்த்தை. அடுத்த வீட்டுக்காரி வந்து, டிவியில் வருகிற அந்த அம்மாளைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்து, "ஏழு. ஏழு. ஏழு" என்று மூன்று தடவை அழுத்தினாள். அவள் போனபிறகு நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

மாத்திரை விஷயத்தைப் பெட்டி வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.  அம்மாவின் விரல் பெட்டியில் பச்சைப் பக்கம் போனது, திரும்பி வந்தது. பிறகு சிலேட்டை எடுத்து, "ஆரஞ்சு ருசி எனக்குப் பிடிச்சிருந்தது" என்று எழுதினாள். தெரியும் என்றாளா, பரவாயில்லை என்றாளா, எனக்குத் தெரியாது. இதோடு நான் இருந்தாக வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் வாசல் மணியை அடிக்கிறேன். சாவி பையில்தான் இருக்கிறது, இருந்தாலும் அடிக்கிறேன். உள்ளேயிருந்து, "திறந்துதான் இருக்கு" என்று அம்மா சொல்கிறாள். முதல் நாள் உள்ளே போக முடியாமல் படியில் நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை வந்த குரலில் கோபம் இருந்தது. அதே பொத்தான்தான். எனக்கு அப்படிக் கேட்டது.

அது என் விஷயம். இது வேறு.

நான் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுகிறேன். ஆறரை மணிக்கு அம்மா மறுபடி பச்சையை அழுத்துகிறாள். முதல் நாள், "மணி அடிக்கலையேம்மா" என்றேன். என்னைச் சட்டை செய்யவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். மறுநாளும் ஆறரைக்கு அதேதான். பொத்தானை விளையாட்டாக அழுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று உன் போட்டோவைத் தாண்டிப் பால் எடுக்கப் போனேன். போட்டோவுக்குக் கீழே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. உன் ஊர் வண்டி, வருகை 6.10, மூன்றாம் நடைமேடை, வீட்டுக்கு நடை இருபது நிமிஷம்.

காமிரா வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைத் தாண்டி எவன் உள்ளே வருகிறான் பார்க்கலாம்.

அந்தத் தாளைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் கொசு. அம்மா அதைப் பேனாவில் எழுதியிருக்கிறாள்.

அக்கா